கத்தி பட்டா புற்றுநோய் பரவிடுமா? ரத்தத்தில் நடப்பது என்ன?

அரக்கோணத்திலிருந்து சென்னைக்குப் போகும் காலை மின்சார ரயில். திருவாலங்காட்டில் ஏறுகிற கூட்டத்தில் பெரும்பாலும் வேலைக்குப் போகிறவர்கள்தான். நடுவில் யாராவது ஒருவர் மடியில் பெரிய ஸ்கேன் கவரை வைத்துக்கொண்டு, கூட்டத்தில் அது மடங்கிவிடாமல் இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். எங்கே போகிறார் என்று கேட்க வேண்டியதில்லை. கவரின் மேலிருக்கும் ஆஸ்பத்திரி பெயரே சொல்லிவிடும்.

அப்படி ஒருநாள் காதில் விழுந்த பேச்சு இது.

"சதை எடுத்து டெஸ்ட் பண்ணணும்னு டாக்டர் சொல்றாருக்கா."

"வேணாம்டி. கட்டி பாட்டுக்கு கட்டி இருக்கட்டும். கத்தி பட்டா ஒடம்பு பூரா பரவிடும். எங்க நாத்தனாருக்கு அப்படித்தான் ஆச்சு. ஆபரேஷன் பண்ண ஆறே மாசத்துல..."

கடம்பத்தூர் வருவதற்குள் அந்தத் தங்கச்சியின் முகம் மாறிவிட்டது. பயாப்ஸிக்குப் போனாரா, அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பிவிட்டாரா தெரியாது. ஆனால் அந்த அக்கா சொன்ன வாக்கியத்தைத் தமிழ்நாட்டில் கேட்காத வீடே இருக்காது. 'அதெல்லாம் மூடநம்பிக்கை' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டுப் போகலாம்தான். ஆனால் அப்படித் தள்ளினால் யாரும் நம்பப்போவதில்லை. புற்றுநோய் எப்படிப் பரவுகிறது, ரத்தத்தில் அப்போது என்னதான் நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், அந்த வாக்கியத்தில் எவ்வளவு உண்மை, எவ்வளவு ஆபத்து என்பது தானாகவே விளங்கும். இதில் மும்பை டாக்டர்களின் பங்கு பெரியது. அதற்கும் வருவோம்.

பத்தாயிரத்தில் ஒன்று

முதலில் ஒரு விஷயம். புற்றுநோயால் ஏற்படும் மரணங்களில் பெரும்பாலானவை முதலில் வந்த கட்டியால் நேர்வதில்லை. அங்கிருந்து நுரையீரல், கல்லீரல், எலும்பு, மூளை என்று வேறு இடங்களுக்குப் போய் வளர்ந்த கட்டிகளால்தான் நேர்கின்றன. மார்பில் இருக்கும் கட்டி மார்பிலேயே இருந்துவிட்டால் உயிருக்கு அவ்வளவு ஆபத்து இல்லை. அது பயணம் கிளம்புவதுதான் பிரச்னை. போகிற வழி, நிணநீர்க் குழாயும் ரத்தக் குழாயும்.

ரத்தத்தில் புற்றுநோய் செல் மிதப்பதை 1869-லேயே ஆஸ்திரேலியாவில் தாமஸ் ஆஷ்வொர்த் என்ற டாக்டர் பார்த்துவிட்டார். இறந்துபோன ஒரு நோயாளியின் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்தபோது, உடம்பில் இருந்த கட்டியின் செல்களைப் போலவே சில செல்கள் ரத்தத்திலும் தெரிந்தன. இன்றைக்கு அவற்றை எண்ணவே மெஷின் இருக்கிறது. ஆனால் எண்ணுவது லேசுப்பட்ட வேலை இல்லை. ஒரு மில்லி ரத்தத்தில் சிவப்பணுக்கள் மட்டும் சுமார் 500 கோடி. நோய் பரவிய மார்பகப் புற்றுநோயாளிகளிடம் 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், ஏழரை மில்லி ரத்தத்தில் 5 புற்றுநோய் செல்கள் இருந்தாலே நிலைமை மோசம் என்று கணக்கு வைத்தார்கள். வெறும் 5 செல்!

இன்னொரு கணக்கு இதைவிட ஆச்சர்யம். 1970-ல் ஐசாயா ஃபிட்லர் என்ற ஆராய்ச்சியாளர் எலிகளின் ரத்தத்தில் புற்றுநோய் செல்களைக் கதிரியக்க அடையாளம் போட்டுச் செலுத்தினார். ஒரே நாளில் ஏறக்குறைய எல்லாமே செத்துப்போயின. கடைசியில் கட்டியாக வளர்ந்தவை பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. ரத்தத்தின் வேகத்தில் அடிபட்டுச் சாகும், நோய் எதிர்ப்பு செல்கள் தின்றுவிடும், போய்ச் சேர்ந்த இடம் ஒத்துக்கொள்ளாமல் சாகும். ஆக, கட்டியிலிருந்து செல் ரத்தத்துக்குள் வருவது பெரிய விஷயமே இல்லை. வந்தது பிழைப்பதுதான் பெரிய விஷயம்.

அப்படியானால் பிழைக்கிற அந்த ஒன்றுக்கு யார் உதவி செய்கிறார்கள்?

விதை இருந்தா போதாது, நிலம் வேணும்

1889. லண்டன் டாக்டர் ஸ்டீஃபன் பேஜட், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தார். 241 பேருக்குக் கல்லீரலுக்குப் பரவியிருந்தது. மண்ணீரலுக்குப் பரவியிருந்தது 17 பேருக்கு மட்டும். இரண்டுக்குமே ரத்தம் தாராளமாகப் போகிறது. பிறகு ஏன் இவ்வளவு வித்தியாசம்? விதை எங்கே வேண்டுமானாலும் பறந்து விழலாம், ஆனால் ஏற்ற நிலத்தில் விழுந்தால்தான் முளைக்கும் என்றார் பேஜட். நம்மூர் விவசாயிக்கு இதைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. களர் நிலத்தில் நெல்லைத் தூவினால் என்ன ஆகும் என்று அவருக்கே தெரியும்.

இந்த 'நிலம்' எப்படிப் பதப்படுகிறது என்பது தெரிய நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. பதில் ரத்தத்தில் மிதக்கும் மூலக்கூறுகளில் இருந்தது.

2001-ல் ஒரு விஷயம் தெரிந்தது. நுரையீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை, நிணநீர் முடிச்சு போன்ற இடங்கள் கீமோகைன் என்ற வகைப் புரதத்தைச் சுரக்கின்றன. மார்பகப் புற்றுநோய் செல்களின் மேல்பரப்பில் அதைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி இருக்கிறது. பூ வாசம் பிடித்து வண்டு போவதுபோல செல் அந்தத் திசையில் போகிறது. இதே புரதம் எல்லோர் உடம்பிலும் ரத்த செல்களைச் சரியான இடத்துக்கு அழைத்துப்போகத்தான் இருக்கிறது. புற்றுநோய் செல் அந்த வழியைத் திருடிக்கொள்கிறது.

2005-ல் நியூயார்க்கில் டேவிட் லைடன் குழு சொன்னது இன்னும் ஒரு படி மேல். புற்றுநோய் செல் கிளம்புவதற்கு முன்பே, கட்டி சுரக்கும் பொருட்கள் ரத்தத்தில் கலந்து எலும்பு மஜ்ஜையைத் தூண்டுகின்றன. அங்கிருந்து கிளம்பும் செல்கள் நுரையீரலுக்குப் போய் முன்கூட்டியே இடம் தயார் செய்து வைக்கின்றன. கல்யாணக் கோஷ்டி வருவதற்கு முந்தின நாளே சமையல்காரர் போய் அடுப்பு மூட்டுகிற கதைதான்.

அதே குழு 2015-ல் வெளியிட்ட ஆய்வு எக்ஸோசோம்கள் பற்றியது. எக்ஸோசோம் என்பது செல்கள் வெளியே விடும் மிகச் சிறிய கொழுப்புப் பை. தலைமுடியின் குறுக்களவில் ஐந்நூறு அறுநூறு எக்ஸோசோம்களை வரிசையாக நிறுத்திவிடலாம், அவ்வளவு சின்னது. அதற்குள் புரதமும் மரபணுத் துணுக்குகளும் இருக்கும். பையின் மேல் ஒட்டியிருக்கும் இன்டெக்ரின் என்ற புரதம்தான் அது எங்கே போக வேண்டும் என்ற பின்கோடு. ஒரு வகை இன்டெக்ரின் இருந்தால் நுரையீரல், இன்னொரு வகை இருந்தால் கல்லீரல். எலும்புக்குப் போகிற புற்றுநோய் செல்லைக்கூட, நுரையீரல் பின்கோடு உள்ள எக்ஸோசோமை எலிக்கு முதலில் கொடுத்து நிலத்தைப் பதப்படுத்தி, நுரையீரலில் வளர வைத்துக் காட்டினார்கள்.

கட்டி தனக்கென ரத்தக் குழாய்களை வரவழைக்கவும் ஒரு மூலக்கூறை விடுகிறது. இந்த யோசனையை 1971-ல் ஜூடா ஃபோக்மன் சொன்னபோது பலர் நம்பவில்லை. பிறகு அதை அடைக்கும் பெவாசிசுமாப் என்ற ஊசி மருந்து 2004-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்று நம்மூர் கேன்சர் வார்டுகளிலும் அது சாதாரணமாகப் புழங்குகிறது.

காவல்காரனே குடை பிடித்தால்

ரத்தத்தில் காயத்தை அடைக்கும் பிளேட்லெட் இருக்கிறதே, டெங்கு வந்தால் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று பதறுவோமே, அதுவும் இந்தக் கூட்டில் உண்டு. புற்றுநோய் செல்லைச் சுற்றிப் பிளேட்லெட்டுகள் ஒட்டிக்கொண்டு, எதிர்ப்பு செல்களின் கண்ணில் படாமல் குடை பிடிக்கின்றன. ரத்தக் குழாயின் சுவரில் ஒட்டவும் உதவுகின்றன.

புற்றுநோய்க்கும் ரத்தம் உறைவதற்கும் தொடர்பு உண்டு என்று 1860-களிலேயே சொன்னவர் பாரீஸ் டாக்டர் அர்மான் த்ரூஸோ. காரணம் இல்லாமல் நரம்பில் ரத்தக் கட்டி வந்தால் உள்ளே எங்கோ புற்றுநோய் ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள் என்பது அவர் பாடம். பிறகு அவருக்கே அப்படி ஒரு ரத்தக் கட்டி வந்தது. தன் கதை முடிந்தது என்று தானே சொல்லிவிட்டு, 1867-ல் வயிற்றுப் புற்றுநோயால் இறந்துபோனார்.

பிளேட்லெட் என்றதும் ஆஸ்பிரின் ஞாபகம் வரும். மார்ச் 2025-ல் கேம்பிரிட்ஜில் ராகுல் ராய்சவுத்ரி தலைமையிலான குழு ஒரு முடிச்சை அவிழ்த்தது. பிளேட்லெட்டுகள் விடும் த்ராம்பாக்சேன் என்ற பொருள், புற்றுநோயைக் கொல்ல வேண்டிய டி செல்களை மந்தமாக்குகிறது. ஆஸ்பிரின் அந்தப் பொருள் உருவாவதைத் தடுத்து டி செல்களை விடுவிக்கிறது. இது எலிகளில் பார்த்தது. மனிதர்களிடம் கதை கலவையாக இருக்கிறது. குறிப்பிட்ட ஒரு மரபணு மாற்றம் உள்ள குடல் புற்றுநோயாளிகளிடம் ஆஸ்பிரின் நோய் திரும்புவதைச் சுமார் பாதியாகக் குறைத்தது என்று 2025-ல் ஓர் ஆய்வு சொன்னது. மார்பகப் புற்றுநோயில் 2024-ல் வெளிவந்த பெரிய ஆய்வில் எந்தப் பலனும் தெரியவில்லை. இந்திய மருத்துவமனைகளும் சேர்ந்த ஆட்-ஆஸ்பிரின் என்ற ஆய்வு பல வகைப் புற்றுநோய்களில் இதைச் சோதிக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் போய் வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம். வயிற்றில் ரத்தக் கசிவு வந்தால் அது வேறு கதையாகிவிடும். கீமோ எடுத்துக்கொண்டு பிளேட்லெட் ஏற்கெனவே குறைந்திருப்பவருக்கு இன்னும் ஆபத்து.

மும்பையில் ஒரு மரத்துப்போற ஊசி

இப்போது ரயிலில் பேசிய அக்காவின் கேள்விக்கு வருவோம். ஆபரேஷன் நேரத்தில் ரத்தத்தில் ஏதாவது நடக்கிறதா? நடக்கிறது. அதை மறைக்கத் தேவையில்லை. கட்டியைத் தொட்டு அசைக்கும்போது செல்கள் சில ரத்தத்துக்குள் போகும். காயம் ஆற உடம்பு விடும் பொருட்கள், அழுத்தத்தில் சுரக்கும் ஹார்மோன்கள், இவையெல்லாம் சில நாட்களுக்கு ரத்தத்தில் ஏறி இறங்கும். இதை 'ஆபரேஷன் வேண்டாம்' என்று புரிந்துகொள்ளாமல், 'அந்தச் சில மணி நேரத்தை எப்படிப் பாதுகாப்பாக்கலாம்' என்று கேட்டவர்களில் முக்கியமானவர் மும்பை டாடா மெமோரியலின் டாக்டர் ராஜேந்திர பட்வே.

அவர் லண்டனில் இருந்த காலத்தில், 1991-ல், ஒரு வித்தியாசமான ஆய்வு வெளியானது. மாதவிடாய் நிற்காத 249 பெண்களுக்கு மார்பக ஆபரேஷன் எந்தத் தேதியில் நடந்தது என்று பழைய பதிவுகளில் பார்த்தார்கள். மாதவிடாய் தொடங்கி 3-லிருந்து 12-ம் நாளுக்குள் ஆபரேஷன் ஆனவர்களில் பத்து வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 54 சதவிகிதம். மற்ற நாட்களில் ஆனவர்களில் 84 சதவிகிதம். முதல் பாதியில் ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏறும், புரோஜெஸ்டிரோன் கிட்டத்தட்ட இருக்காது. இரண்டாம் பாதியில்தான் புரோஜெஸ்டிரோன் வரும். அந்த ஹார்மோன்தான் காப்பாற்றியதா?

பிற ஆய்வுகள் சிலவற்றில் இந்த வித்தியாசம் தெரியவில்லை. சரி, நேராகவே சோதித்துப் பார்ப்போம் என்று மும்பையில் சுமார் 1,000 பெண்களை எடுத்துக்கொண்டு, பாதிப் பேருக்கு ஆபரேஷனுக்கு 5-லிருந்து 14 நாட்களுக்கு முன் ஒரே ஒரு புரோஜெஸ்டிரோன் வகை ஊசி போட்டார்கள். 2011-ல் முடிவு வந்தது. மொத்தமாகப் பார்த்தால் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. ஆனால் அக்குள் முடிச்சுகளுக்கு ஏற்கெனவே பரவியிருந்த பெண்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது, ஐந்து வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் ஊசி போட்டவர்களில் சுமார் 76 சதவிகிதம், போடாதவர்களில் சுமார் 67. இப்படித் துண்டு பிரித்துப் பார்த்த கணக்கை முழுசாக நம்பக் கூடாது என்பது மருத்துவப் புள்ளியியலின் அடிப்படைப் பாடம். அதனால் இது சிகிச்சையாக மாறவில்லை.

அடுத்த ஆய்வு இன்னும் எளிமையானது. பல் பிடுங்கும்போது போடுகிறார்களே மரத்துப்போற ஊசி, அந்த லிக்னோகெயின்தான். கட்டியை எடுப்பதற்கு 7-லிருந்து 10 நிமிஷத்துக்கு முன், கட்டியைச் சுற்றிலும் அதைச் செலுத்த வேண்டும். அவ்வளவே. கட்டி செல்களின் சுவரில் சோடியம் போய்வரும் வாசல்கள் உண்டு. அந்த வாசல்கள் செல் நகர்வதற்கு உதவுகின்றன. லிக்னோகெயின் அவற்றை மூடிவிடும். கத்தி படும் நேரத்தில் செல்கள் மரத்துப்போய்க் கிடக்கும் என்பது யோசனை.

2011-ல் தொடங்கி இந்தியாவின் 11 மருத்துவமனைகளில் நடந்தது. கணக்கில் வந்தவர்கள் 1,583 பெண்கள். 2023-ல் வெளியான முடிவு: ஐந்து வருஷம் கழித்து நோய் திரும்பாமல் இருந்தவர்கள், ஊசி போட்டவர்களில் 86.6 சதவிகிதம், போடாதவர்களில் 82.6. உயிரோடு இருந்தவர்கள் 90.1, எதிர்ப்பக்கம் 86.4. நூறு பேருக்கு நான்கு பேர். சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் லட்சக்கணக்கில் செலவாகும் சில மருந்துகள் கொடுக்கும் பலனும் இந்த அளவுதான் என்பதை யோசித்தால், ஒரு டீ, டிபன் காசில் முடிகிற ஊசிக்கு இது பெரிய எண். குறையும் உண்டு. போடாதவர்களுக்கு உப்புத் தண்ணீர் ஊசிகூடப் போடவில்லை. யாருக்குப் போட்டோம் என்று சர்ஜனுக்குத் தெரியும். வேறு நாடுகளிலும் திரும்பச் செய்து பார்க்க வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், அது நியாயமான கேள்விதான். உங்கள் வீட்டில் யாருக்காவது மார்பக ஆபரேஷன் என்றால், "டாக்டர், இந்த ஊசி நம்ம கேஸுக்குப் பொருந்துமா?" என்று சர்ஜனிடம் கேட்பதில் தவறே இல்லை.

அந்த 100 ரூபாய் மாத்திரை

பிப்ரவரி 2024-ல் 'கேன்சர் திரும்ப வராமல் தடுக்க 100 ரூபாய் மாத்திரை' என்று ஒரு செய்தி வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அதுவும் டாடா மெமோரியலில் இருந்து வந்ததுதான். அதன் பின்னால் இருப்பவர் டாக்டர் இந்திரனீல் மித்ரா. அவர் பல வருஷமாகச் சொல்லிவரும் கருத்து கொஞ்சம் அதிரடியானது.

கீமோவிலோ ரேடியேஷனிலோ புற்றுநோய் செல் செத்துப்போகிறது. செத்த செல்லின் டி.என்.ஏ. துண்டுகள் ரத்தத்தில் கொட்டுகின்றன. ரத்தத்தில் டி.என்.ஏ. மிதப்பது 1948-லேயே தெரிந்த விஷயம். பெரும்பாலான விஞ்ஞானிகள் அதைக் குப்பையாகவோ, நோயைக் கண்டுபிடிக்கும் அடையாளமாகவோதான் பார்த்தார்கள். மித்ராவோ, அது சும்மா மிதக்கவில்லை, நல்ல செல்லுக்குள் புகுந்து அதன் டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொண்டு சேதம் செய்கிறது என்கிறார். 2015-ல் அவர் குழு இதைக் கட்டுரையாக வெளியிட்டது. அந்தத் துண்டுகளை உடைக்கத்தான் மாத்திரை. திராட்சைத் தோலில் இருக்கும் ரெஸ்வெரட்ரால் என்ற பொருளையும் மிகக் கொஞ்சம் செம்பையும் சேர்த்தால், ஆக்சிஜன் ரேடிக்கல்கள் உருவாகி அந்த டி.என்.ஏ. துண்டுகளை அழிக்கும் என்கிறார்கள்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். யோசனை சுவாரஸ்யமானது, விலை மலிவு, நடந்தால் நம் நாட்டுக்கு நல்லது. ஆனால் இதுவரை இருக்கும் ஆதாரத்தில் பெரும்பகுதி எலிகளில் கிடைத்தது. மனிதர்களிடம் நடந்தவை சிறிய ஆய்வுகள். செய்தி வந்த உடனேயே பல புற்றுநோய் மருத்துவர்கள் சந்தேகத்தைச் சொன்னார்கள். லிக்னோகெயினுக்கு நடந்ததுபோல ஒரு பெரிய ஆய்வு நடந்து முடிவு வரும்வரை இது சிகிச்சை இல்லை. 'திராட்சையும் செம்பும்தானே' என்று கறுப்புத் திராட்சை வாங்கிவந்து, செம்புச் சொம்பில் தண்ணீர் ஊற்றிவைத்துக் குடித்தால் போதும் என்று கிளம்பிவிடாதீர்கள். அளவு வேறு, சேர்மானம் வேறு.

இந்தச் செய்தியைப் பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் வீட்டில் டமாக்சிஃபென் மாத்திரை பாதியில் நின்றிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். ரத்தத்தில் ஓடும் ஒரு மூலக்கூறு புற்றுநோயை வளர்க்கிறது என்பதற்கு உலகத்தில் மிகப் பழைய, மிக உறுதியான சாட்சி ஈஸ்ட்ரோஜன். 1896-லேயே கிளாஸ்கோவில் ஜார்ஜ் பீட்சன், சினைப்பைகளை எடுத்துவிட்டால் சில பெண்களின் மார்பகக் கட்டி சுருங்குவதைக் காட்டினார். ஹார்மோன் ஏற்கும் வகைக் கட்டி உள்ளவர்கள் 5 வருஷம் டமாக்சிஃபென் எடுத்துக்கொண்டால், மார்பகப் புற்றுநோயால் இறப்பது சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. இது பல்லாயிரம் பெண்களிடம் பார்த்த கணக்கு. விலையும் ரொம்பக் குறைவு. ஆனால் உடம்பு திடீரென்று சூடாகிறது, வியர்க்கிறது, மூட்டு வலிக்கிறது, 'இப்போ நல்லாத்தானே இருக்கேன்' என்று இரண்டு வருஷத்தில் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தும் முன் டாக்டரிடம் சொல்லுங்கள். வேறு மாத்திரைக்கு மாற்ற வழி இருக்கிறது.

தூங்கும்போதா பரவுகிறது?

2022-ல் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த ஆய்வு பலரைப் பயமுறுத்தியது. மார்பகப் புற்றுநோய் உள்ள 30 பெண்களிடம் விடியற்காலை 4 மணிக்கும் காலை 10 மணிக்கும் ரத்தம் எடுத்தார்கள். கிடைத்த புற்றுநோய் செல்களில் முக்கால்வாசிக்கு மேல் 4 மணி ரத்தத்தில்தான் இருந்தன. இரவும் பகலும் மாறிமாறிச் சுரக்கும் ஹார்மோன்கள் இதை நடத்துகின்றன என்று எலிகளில் காட்டினார்கள். இதைப் படித்துவிட்டு, 'தூங்காம இருந்தா நல்லதா?' என்று கேட்டால், இல்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் ஸ்ரீபெரும்புதூர் பக்கமும் நைட் ஷிஃப்ட் பார்க்கிறவர்களுக்கு இது முக்கியம்: உடம்பின் இரவு பகல் கடிகாரத்தைக் குலைக்கும் ஷிஃப்ட் வேலையை, புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2007-லேயே வைத்துவிட்டது. சிகிச்சையில் இருப்பவர் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. ரத்தப் பரிசோதனையை எத்தனை மணிக்கு எடுக்கிறோம் என்பதில் டாக்டர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும் என்பதுதான் அந்த ஆய்வின் நேரடிப் பாடம்.

அப்போ அந்த அக்கா சொன்னது?

அவர் கண்ணால் கண்டதைத்தான் சொன்னார். நாத்தனாருக்கு ஆபரேஷன் ஆனது, ஆறு மாதத்தில் பரவியிருந்தது. ஆனால் நோய் கண்ணுக்குத் தெரியாமல் ஏற்கெனவே கல்லீரலிலோ எலும்பிலோ போய் உட்கார்ந்திருக்கலாம். ஸ்கேனில் தெரியும் அளவுக்கு வளர்வதற்கே பல மாதமோ வருஷமோ ஆகும். தாமதமாகப் போனால் கத்தி வருவதற்கு முன்பே விதை தூவியாகிவிட்டது.

எலியில் இதற்கு எதிராக ஒரு சாட்சி உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். 1994-ல் ஃபோக்மன் ஆய்வகத்தில், ஒரு வகை எலியில் முதல் கட்டியை எடுத்ததும் நுரையீரலில் தூங்கிக்கொண்டிருந்த சின்னக் கட்டிகள் விழித்து வளர்ந்தன. முதல் கட்டியே ஆஞ்சியோஸ்டாட்டின் என்ற பொருளை ரத்தத்தில் விட்டு மற்றவற்றை அடக்கி வைத்திருந்ததாம். அந்தப் பொருளை மருந்தாக்க எடுத்த முயற்சி மனிதர்களிடம் எதிர்பார்த்த பலன் தரவில்லை.

சரி, கத்தியே படாமல் விட்டால் மனிதர்களுக்கு என்ன ஆகும்? இதற்கும் கணக்கு இருக்கிறது. 1805-லிருந்து 1933 வரை லண்டனின் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரியில் எந்தச் சிகிச்சையும் பெறாத 250 மார்பகப் புற்றுநோயாளிகளின் பதிவுகளை 1962-ல் ஆராய்ந்தார்கள். ஐந்து வருஷம் உயிரோடு இருந்தவர்கள் 18 சதவிகிதம். பத்து வருஷம், 4 சதவிகிதம்கூட இல்லை. அவர்களில் பலர் முற்றிய நிலையில் வந்தவர்கள், அதனால் மும்பைப் பெண்களின் 86 சதவிகிதத்தோடு நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும் கட்டியைக் கட்டி பாட்டுக்கு விட்டால் எங்கே போகும் என்று அந்த 250 பேரும் காட்டிவிட்டார்கள்.

ஊசி குத்தி, சதை எடுத்துச் செய்யும் டெஸ்ட்டைப் பற்றி: ஊசி போன வழியில் செல் சிந்தி வளர்வது அபூர்வமாக நடக்கும். கல்லீரல் புற்றுநோயில் நூறில் இரண்டு மூன்று பேருக்கு நடந்ததாகக் கணக்கு உண்டு. அதனால்தான் ஸ்கேன் தெளிவாக இருந்தால் கல்லீரலில் பயாப்ஸியே எடுக்காமல் முடிவுசெய்கிறார்கள். விதைப்பையில் கட்டி என்றால் ஊசி குத்தாமல் விதையையே எடுத்துத்தான் டெஸ்ட்டுக்கு அனுப்புகிறார்கள். எங்கே குத்தலாம், எங்கே கூடாது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். மற்றபடி, கணையப் புற்றுநோயில் ஆபரேஷன் ஆன 2,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து 2015-ல் அமெரிக்காவில் பார்த்தபோது, முன்கூட்டி ஊசி டெஸ்ட் எடுத்தவர்கள் எடுக்காதவர்களைவிடக் கூடுதல் காலம்தான் வாழ்ந்திருந்தார்கள்.

லேப் பேக்கேஜ் பற்றி

'கேன்சர் புரொஃபைல்' என்று ரத்தப் பரிசோதனை பேக்கேஜ் விற்கிறார்கள். சி.ஏ. 125, சி.இ.ஏ., பி.எஸ்.ஏ. என்று எண்கள் வரும். இவையும் ரத்தத்தில் மிதக்கும் மூலக்கூறுகள்தான். ஆனால் சி.ஏ. 125 மாதவிடாய் நேரத்திலும், வயிற்றில் டி.பி. இருந்தாலும் ஏறும். சி.இ.ஏ. புகைபிடிப்பவர்களுக்கு ஏறும். பி.எஸ்.ஏ. வயதானவர்களுக்குப் புராஸ்டேட் வீங்கினாலே ஏறும். எண் நார்மல் என்றால் நோய் இல்லை என்றும் அர்த்தம் இல்லை. இவை பெரும்பாலும் ஏற்கெனவே நோய் உறுதியானவர்களுக்குச் சிகிச்சை எப்படிப் போகிறது என்று பார்க்கத்தான். ரத்தத்தில் மிதக்கும் டி.என்.ஏ.வைப் பார்க்கும் புதிய டெஸ்ட்டுகளும் வந்துவிட்டன. எந்த மாத்திரை வேலை செய்யும் என்று முடிவுசெய்ய நுரையீரல் புற்றுநோய் போன்றவற்றில் அவை நன்றாகப் பயன்படுகின்றன. நல்ல உடம்போடு இருப்பவர் ஆயிரக்கணக்கில் செலவு செய்து எடுக்க வேண்டியதில்லை. மார்பில் கட்டி, ஆறாத வாய்ப்புண், மாதவிடாய் நின்றபின் ரத்தப்போக்கு, மலத்தில் ரத்தம் என்றால் லேபுக்குப் போகாமல் நேராக டாக்டரிடம் போங்கள்.

திருவாலங்காட்டுக்காரர்களுக்கு வழி இரண்டு பக்கமும் உண்டு. சென்னைப் பக்கம் போனால் சென்ட்ரலுக்கு எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை. இன்னும் கொஞ்சம் தள்ளி, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கி, டாக்டர் சாந்தா வாழ்நாள் முழுக்க உழைத்த அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட். மேற்கே போனால் அரக்கோணத்தில் ரயில் மாறி காஞ்சிபுரம், அங்கே காரப்பேட்டையில் அரசின் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை. போகும்போது ஸ்கேன் கவரோடு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, ஆதார், ரேஷன் கார்டு எல்லாவற்றின் நகலும் இருக்கட்டும். வேறு இடத்தில் ஏற்கெனவே பயாப்ஸி எடுத்திருந்தால் ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது. கண்ணாடி ஸ்லைடும் மெழுகு பிளாக்கும் அந்த லேபிலேயே இருக்கும், கேட்டு வாங்கிக்கொண்டு போனால் இரண்டாவது முறை குத்த வேண்டி வராது.